பல்கலைக்கழக ஆன்மகுரு: பொறுப்பேற்கும் முதல் ஆண்டுக்கான வழிகாட்டி

பங்கிலிருந்து, அதாவது ஒரு கோவிலைச் சேர்ந்த மக்கள் வட்டாரத்திலிருந்து, பல்கலைக்கழகத்துக்கு ஆன்மகுருவாக மாற்றலாகி வரும் கத்தோலிக்க அருள்பணியாளர் பெரும்பாலும் பங்கையும் மூட்டை கட்டிக்கொண்டு வருகிறார். அதிகாலைத் திருப்பலி, பக்தசபைகள், வீடு சந்திப்பு, ஆண்டு விழா என்று எல்லாவற்றையும் வளாகத்தில் இறக்கி வைக்கிறார். முதல் செமஸ்டர் முடிவதற்குள் ஒவ்வொன்றாகப் படுத்துவிடும். மாணவர்களுக்குப் பக்தி போதாது என்று அவர்கள்மேல் பழியைப் போடுவதில் பயனில்லை. பங்கில் மக்கள் அப்படியே இருப்பார்கள், குருக்கள் மாறுவார்கள். வளாகத்தில் குரு இருப்பார், மக்கள் மூன்று நான்கு ஆண்டுக்கொருமுறை அடியோடு மாறிவிடுவார்கள். இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் கீழே சொல்லியிருக்கும் அத்தனையும் கிளைக்கின்றன.

நியமனக் கடிதத்தை வரிவரியாக வாசியுங்கள்

1983ஆம் ஆண்டுத் திருஅவைச் சட்டத் தொகுப்பில் 564 முதல் 572 வரையுள்ள எண்கள் ஆன்மகுருவைப் பற்றியவை. ஒரு குறிப்பிட்ட குழுவினரின் ஆன்மிகப் பொறுப்பு நிலையாக ஒப்படைக்கப்பட்ட குருதான் ஆன்மகுரு என்கிறது எண் 564. பல்கலைக்கழகங்களைப் பற்றித் தனியாக எண் 813 பேசுகிறது: மாணவர்களுக்கென ஒரு பங்கை ஏற்படுத்த வேண்டும், அல்லது நிலையாகச் சில குருக்களையாவது நியமிக்க வேண்டும், கத்தோலிக்கம் அல்லாத பல்கலைக்கழகங்களிலும் மாணவர்களுக்கு உதவும் மையங்கள் அமைய வேண்டும் என்று ஆயரைக் கேட்டுக்கொள்கிறது. உங்கள் நியமனம் இவற்றில் எந்த வகை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஆள்சார் பங்கு (எல்லையை வைத்து அல்லாமல் குறிப்பிட்ட மக்களுக்கென அமைக்கும் பங்கு) என்றால் நீங்கள் பங்குத்தந்தை. பதிவேடுகளும் உங்களிடம் இருக்கும். வெறும் ஆன்மகுரு என்றால் அதிகாரம் வேறு.

எண் 566இன்படி ஆன்மகுருவுக்குப் பதவியாலேயே கிடைப்பவை இவை: தம்மிடம் ஒப்படைக்கப்பட்டவர்களின் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுதல்) கேட்பது, இறைவார்த்தையைப் போதிப்பது, சாகும் தறுவாயில் இருப்பவருக்கு நற்கருணை கொடுப்பது, நோயில்பூசுதல் வழங்குவது, உயிருக்கு ஆபத்தான நிலையில் உறுதிப்பூசுதல் கொடுப்பது. திருமணம் இந்தப் பட்டியலில் இல்லை. முதல் ஆண்டில் நடக்கும் பெரிய தவறு இங்கேதான் தொடங்குகிறது. படிப்பு முடித்துப்போன இருவர் வந்து, "ஃபாதர், எங்க கல்யாணத்த நீங்கதான் நடத்தணும்" என்பார்கள். சந்தோஷத்தில் அங்கேயே சரி சொல்லிவிடுவீர்கள். அந்த இடத்தின் ஆயரோ பங்குத்தந்தையோ அதிகாரம் வழங்காமல் நீங்கள் நடத்தும் திருமணம் செல்லாது (எண் 1108). "பங்குத்தந்தையிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன்" என்பதே சரியான பதில். ஒரு திருமணத்துக்கான அதிகாரத்தை இன்னாருக்கு, இந்தத் திருமணத்துக்கு என்று குறிப்பிட்டுத்தான் தர வேண்டும். பொதுவான அதிகாரமாக இருந்தால் எழுத்தில் இருந்தே ஆக வேண்டும் (எண் 1111).

மூன்று மாதம் ஓரிடத்தில் தங்கினாலோ, அவ்வளவு காலம் தங்கும் எண்ணத்தோடு குடியேறினாலோ அது ஒருவரின் தற்காலிக இருப்பிடம் ஆகிவிடுகிறது (எண் 102). ஆகவே விடுதியில் இருக்கும் மாணவருக்கு, அந்த விடுதி எந்தப் பங்கின் எல்லைக்குள் வருகிறதோ அந்தப் பங்கின் தந்தையும் பங்குத்தந்தைதான். வந்த முதல் வாரமே அவரைப் போய்ப் பாருங்கள். ஞாயிறு மாலை அவருடைய கோவிலில் கூட்டம் குறைந்ததற்கு நீங்கள்தான் காரணம் என்ற பேச்சு எழுவதற்கு முன்னால் அந்தச் சந்திப்பு நடந்திருக்க வேண்டும்.

பல்கலைக்கழகத்தின் பக்கம் இன்னொரு கடிதமும் தேவை: எந்த அலுவலகத்தின்கீழ் வருகிறீர்கள், அறை எது, சாவி யாரிடம், அடையாள அட்டை உண்டா, விடுதிகளுக்குள் நுழையலாமா, எந்த நேரம் வரை. இவற்றை வாய்ப்பேச்சில் விடாதீர்கள். நிர்வாகி மாறும்போது வாய்ப்பேச்சும் அவரோடு போய்விடும்.

உங்களோடு துறவற சகோதரியரோ பொதுநிலையினரோ முழுநேரமாக வேலை செய்தால், அவர்களின் பதவிப் பெயரையும் ஆரம்பத்திலேயே தெளிவாக்குங்கள். குரு அல்லாதவர் ஆன்மகுரு என்ற பட்டத்தைச் சூடக் கூடாது என்று வத்திக்கானின் 1997ஆம் ஆண்டு அறிவுறுத்தல் சொல்கிறது. நடைமுறையில் பாதி வேலையைச் சுமப்பவர்கள் அவர்கள்தான். பட்டம் இல்லை என்பதால் கூட்டங்களில் அவர்களுக்கு நாற்காலி இல்லாமல் போய்விடக் கூடாது.

முதல் நான்கு வாரம்: எதையும் தொடங்காதீர்கள்

நடங்கள். ஒரே நேரத்தில், ஒரே பாதையில், தினமும். விடுதி வாசல், நூலகம், கேன்டீன், விளையாட்டுத் திடல். ஒரு முகம் பழக்கமாவதற்கு ஏழெட்டு முறையாவது கண்ணில் பட வேண்டியிருக்கிறது. பாதையைத் தினமும் மாற்றினால் ஒவ்வொரு நாளும் முதல் நாளாகவே இருக்கும். குரு உடையில் போவதா சாதாரண உடையிலா என்று கேட்பவர்கள் உண்டு. ஆயர் பேரவையின் விதியைக் கடைப்பிடியுங்கள். அது அனுமதிக்கும் எல்லைக்குள், ஆளைத் தேடுபவருக்குத் தூரத்திலிருந்தே அடையாளம் தெரிய வேண்டும்.

இந்த நான்கு வாரத்தில் பெயர் சொல்லிப் பேசும் அளவுக்கு அறிமுகமாக வேண்டியவர்கள்: விடுதிக் காப்பாளர்கள், இரவுக் காவலர், துப்புரவுப் பணியாளர், மனநல ஆலோசகர், மருத்துவ மையச் செவிலியர், வெளிநாட்டு மாணவர் அலுவலகம், தேர்வு அலுவலகம். துணைவேந்தர் பட்டியலில் பின்னால் வரட்டும். இரவு இரண்டு மணிக்கு எந்த அறையில் விளக்கு அணையாமல் எரிகிறது என்று அவருக்குத் தெரியாது, காவலருக்குத் தெரியும்.

கல்வி ஆண்டின் நாள்காட்டியையும் வழிபாட்டு ஆண்டின் நாள்காட்டியையும் ஒரே தாளில் அடுத்தடுத்து எழுதுங்கள். பல இடங்களில், கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய திருவருகைக் காலம் தேர்வோடு மோதும். கிறிஸ்து பிறப்புக்கும் பாஸ்காவுக்கும் (ஈஸ்டர்) வளாகம் காலியாக இருக்கும். சாம்பல் புதன் வேலைநாளில் வரும். அன்றைக்கு மட்டும், வருடம் முழுக்க எட்டிப்பார்க்காதவர்களும் வரிசையில் நிற்பார்கள். மதியத்தில் ஒன்று, இரவு ஒன்பதுக்கு மேல் ஒன்று என்று இரண்டு வழிபாடுகளாவது வைத்து, வாசலில் அடுத்த ஞாயிறு திருப்பலியின் நேரத்தை ஒட்டிவையுங்கள்.

புதிய மாணவர்கள் வந்து சேரும் முதல் மூன்று வாரத்தில் எந்த நட்பு வட்டத்துக்குள் போகிறார்களோ, பெரும்பாலும் அதிலேயே இருந்துவிடுவார்கள். இரண்டாம் மாதத்தில் போடும் வரவேற்பு விருந்துக்கு வருகிறவர்கள் ஏற்கெனவே உங்களைத் தெரிந்தவர்களாகவே இருப்பார்கள்.

திருப்பலி: மேசை, புகை உணரி, எட்டு நிமிடம்

ஞாயிறு திருப்பலியை மாலையிலோ முன்னிரவிலோ வையுங்கள். ஊருக்குப் போன மாணவர்கள் திரும்பி வந்து இரவு உணவுக்குப் போகுமுன் உள்ள ஒரு மணி நேரம்தான் பொருத்தமானது. நேரத்தை ஒருமுறை வைத்துவிட்டால் அந்த ஆண்டு முழுக்க அசைக்காதீர்கள். வளாகங்கள் இரண்டு மூன்று இருந்தால், ஞாயிறன்று தேவை கருதி மூன்று திருப்பலி வரை நிறைவேற்ற ஆயர் அனுமதிக்கலாம் (எண் 905). மூன்றாவதில் உங்கள் குரலும் கவனமும் எப்படி இருக்கும் என்று யோசித்துவிட்டு அந்த அனுமதியைக் கேளுங்கள்.

சிற்றாலயம் இல்லாத இடத்தில் வகுப்பறை மேசைதான் பலிபீடம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1949 முதல் போலந்தின் கிராக்கோவில் மாணவர்களுக்குப் பணியாற்றிய கரோல் வொய்த்திவா, பின்னாளில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், அவர்களோடு படகுப் பயணம் போன இடங்களில் கவிழ்த்துவைத்த படகின்மேல் திருப்பலி நிறைவேற்றினார். அன்றைய கம்யூனிச அரசின் கெடுபிடியால் பொது இடங்களில் 'ஃபாதர்' என்று கூப்பிட முடியாமல், மாணவர்கள் அவரை 'மாமா' என்று பொருள்படும் போலந்து மொழிச் சொல்லால் அழைத்தார்கள்.

ஆனால் மேசையைச் சரியாகத் தயார் செய்ய வேண்டும். ஈரத்துணியால் ஒருமுறை, காய்ந்த துணியால் ஒருமுறை துடையுங்கள். சாக்பீஸ் தூள் ஒரே துடைப்பில் போகாது. வெள்ளை விரிப்பு மேசையின் இரு பக்கமும் தொங்கும் அளவில் இருக்கட்டும். அப்பத்துக்கும் கிண்ணத்துக்கும் அடியில் விரிக்கும் திருமேனித் துகிலை ஒன்பது கட்டங்களாக மடித்து வைப்பதற்கு ஒரு காரணம் உண்டு: அப்பத்துணுக்கு ஏதேனும் விழுந்திருந்தால் மடிப்புக்குள்ளேயே தங்கும். உதறாமல் விரித்து, உதறாமல் மடியுங்கள். கிண்ணத்தை மின்விசிறிக்கு நேர்கீழே வைக்காதீர்கள். அப்பங்களை எண்ணி வையுங்கள். பூட்டும் வசதியுள்ள நற்கருணைப் பேழை இல்லாத இடத்தில் மீதியை வைக்க வழியில்லை, எல்லாவற்றையும் அங்கேயே உட்கொண்டாக வேண்டும்.

இனி, யாரும் முன்கூட்டிச் சொல்லித்தராத மூன்று விஷயங்கள். ஒன்று, தூபம். வகுப்பறைக் கூரையில் இருக்கும் புகை உணரிக்குச் சாம்பிராணிக்கும் தீ விபத்துக்கும் வித்தியாசம் தெரியாது. எழுந்தேற்றத்தின்போது (அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்தும் நேரத்தில்) கட்டடம் முழுக்க மணி அடித்து அறுநூறு பேர் வெளியே ஓடினால், அடுத்த அறை முன்பதிவு உங்களுக்குக் கிடைக்காது. பாதுகாப்பு அலுவலகத்திடம் எழுதிக் கேட்டு அனுமதி வாங்குங்கள், இல்லாவிட்டால் தூபத்தை விட்டுவிடுங்கள். இரண்டு, திராட்சை இரசம். வளாகத்தில் மதுவுக்குத் தடை இருந்தால் வழிபாட்டுக்கான விலக்கை எழுத்தில் பெற்று, இரசத்தைப் பூட்டிய அலமாரியில் வையுங்கள். மூன்று, கோதுமைப் பசை (குளூட்டன்) ஒத்துக்கொள்ளாத மாணவர்கள். பசை குறைந்த அப்பம் செல்லும், பசையே இல்லாத அப்பம் செல்லாது. தனித்தட்டில் வைத்து, மற்ற அப்பங்களைத் தொட்ட விரலால் தொடாமல், அவருக்கு முதலில் கொடுத்துவிடுங்கள்.

மறையுரை எட்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2024 ஜூனில் சொன்னார். நாள் முழுக்க விரிவுரை கேட்டுவிட்டு வந்திருப்பவர்களுக்கு அதுகூட அதிகம்தான். விரிவுரை மாதிரிப் பேசாதீர்கள். அதை உங்களைவிட நன்றாகச் செய்பவர்கள் அந்த வளாகத்திலேயே நூறு பேர் இருக்கிறார்கள்.

பாவசங்கீர்த்தனம்

ஆன்மகுருவின் வேலையில் கண்ணுக்குத் தெரியாத பெரும்பகுதி இதுதான். "எப்போது வேண்டுமானாலும் வரலாம்" என்று அறிவிப்பவரிடம் யாரும் வருவதில்லை. கூப்பிட்டு நேரம் கேட்பதே ஒரு வெட்கம். வாரத்தில் இரண்டு நாள், குறித்த ஒரு மணி நேரம், திருப்பலிக்கு முன் அரைமணி என்று நேரம் போட்டு, ஆள் வந்தாலும் வராவிட்டாலும் உட்கார்ந்திருங்கள். முதல் மாதம் யாருமே வராமல் போகலாம். கையில் திருப்புகழ்மாலையோடு அந்த நாற்காலியில் நீங்கள் இருப்பதை, அந்த வழியாகப் போகிறவர்கள் கவனித்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

விரும்புகிறவர் முகம் காட்டாமல் பேச நிலையான தடுப்பு கட்டாயம் இருக்க வேண்டும் (எண் 964). தடுப்பில்லாத அறையில் இரண்டு நாற்காலி போட்டு உட்காருவது இக்காலத்தில் குருவுக்கும் பாதுகாப்பில்லை. வெளியே பேச்சு கேட்காத, ஆனால் கண்ணாடிக் கதவு வழியே இருவர் இருப்பது தெரிகிற அறை நல்லது.

வருகிறவர்களில் கணிசமானோர் பல வருட இடைவெளிக்குப் பிறகு வருகிறார்கள். உறுதிப்பூசுதலுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை என்பார்கள். செபம் மறந்திருக்கும், அந்தப் பயத்திலேயே பாதிப்பேர் வாசல்வரை வந்து திரும்பிவிடுகிறார்கள். மனத்துயர் செபத்தைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு மண்டியிடும் இடத்தில் ஒட்டிவையுங்கள். "எங்கிருந்து தொடங்குறதுன்னே தெரியல ஃபாதர்" என்றால், "எது ரொம்பக் கனமா இருக்கோ அதுல தொடங்கு" என்று சொன்னால் போதும். துருவிக் கேட்காதீர்கள்.

இரகசிய முத்திரையை மீறக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும் (எண் 983). அடுத்த எண் கொஞ்சம் மறந்துபோகிறது: பாவசங்கீர்த்தனத்தில் அறிந்ததை, இரகசியம் வெளிப்படும் ஆபத்தே இல்லாவிட்டாலும், அந்த ஆளுக்குப் பாதகமாகவோ நிர்வாக முடிவுகளிலோ பயன்படுத்தக் கூடாது (எண் 984). ஆகவே ஒழுங்கு நடவடிக்கைக் குழு, விடுதி இடஒதுக்கீடு, உதவித்தொகைத் தேர்வு போன்றவற்றில் உறுப்பினராகச் சொன்னால் பணிவாக மறுத்துவிடுங்கள். ஒரு பெயர் மேசைக்கு வரும்போது உங்கள் முகம் மாறினாலே போதும், அடுத்த வாரம் அந்த நாற்காலிக்கு யாரும் வரமாட்டார்கள்.

நாற்காலி அடுக்கும் மாணவர்

திருப்பலி முடிந்து எல்லோரும் போன பிறகும் ஒருவர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருப்பார். அடுக்கியதையே திரும்ப அடுக்குவார். விளக்கை அணைக்கப் போகும்போது, "ஃபாதர், ஒரு நிமிஷம்..." என்பார். அந்த ஒரு நிமிடம் நாற்பது நிமிடம் ஆகும். இதற்காகவே ஞாயிறு இரவு உணவுக்கு யாரையும் பார்க்க ஒப்புக்கொள்ளாதீர்கள்.

முதலில் சொல்வது பெரும்பாலும் உண்மையான விஷயமாக இருக்காது. படைப்பும் பரிணாமமும் பற்றிய கேள்வியாகத் தொடங்கி, அப்பாவுக்குத் தெரியாமல் விட்டுவிட்ட பாடத்தில் போய் நிற்கும். கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் சொல்லுங்கள். அதைச் சாக்கு என்று ஒதுக்கினால் அவமானப்படுத்தியதுபோல் ஆகும். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி, அந்தத் துறையில் உள்ள விசுவாசமுள்ள பேராசிரியர் ஒருவரிடம் அனுப்புங்கள். கத்தோலிக்கராக மாறுவதற்கு முன், ஆங்கிலிக்கனாக ஆக்ஸ்ஃபோர்டில் டியூட்டராக இருந்த நாளிலேயே புனித ஜான் ஹென்றி நியூமன், கற்பிக்கும் பணியும் மேய்ப்புப்பணிதான் என்று வாதாடினார். கல்லூரித் தலைவர் அதை ஏற்காமல் அவருக்குப் புதிய மாணவர்களை அனுப்புவதையே நிறுத்தினார். அப்படி நினைக்கிற ஆசிரியர்கள் உங்கள் வளாகத்திலும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். அவர்களைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை.

தற்கொலை எண்ணம் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் நேரடியாகக் கேளுங்கள்: "செத்துப்போகணும்னு நினைக்கிறியா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் தனியாக விடாதீர்கள். எப்படி, எப்போது, கையில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். தொலைபேசி எண்ணைக் கொடுத்து அனுப்பாமல், கூடவே நடந்து ஆலோசகரிடமோ மருத்துவமனைக்கோ போங்கள். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்ற வாக்கைச் சாதாரண உரையாடலில் தரவே கூடாது.

இதையே பாவசங்கீர்த்தனத்தில் சொன்னால் நிலைமை வேறு. நீங்கள் யாரிடமும் வாய் திறக்க முடியாது. "முடிந்ததும் வெளியே வந்து இதை இன்னொருமுறை பேசலாமா?" என்று அங்கேயே அவரைக் கேளுங்கள், அவசரப்படாமல், விடாமல். அவர் வெளியே சொன்ன பிறகுதான் உங்கள் கை அவிழும்.

மனஅழுத்தத்துக்குச் செபத்தை மட்டும் மருந்தாகக் கொடுப்பதும், ஆன்மிகத் தேடலை மனநோய் என்று ஆலோசகரிடம் தள்ளிவிடுவதும் ஒரே தவறின் இரு முகங்கள். தூக்கம், சாப்பாடு, வகுப்பு மூன்றும் இரண்டு வாரமாகக் கெட்டிருந்தால் ஆலோசகரிடம் அனுப்புங்கள். உங்களோடு பேசுவதும் தொடரட்டும். ஆன்ம வழிகாட்டலுக்கு மாதம் ஒருமுறை, ஐம்பது நிமிடம் போதும். வாரம் மூன்று முறை ஒரே மாணவர் வந்தால் அவர் உங்களைச் சார்ந்திருக்கத் தொடங்கிவிட்டார். நீங்களும் அதில் கொஞ்சம் மகிழ்ந்துபோயிருக்கலாம்.

எல்லைகள் சுருக்கமாக: உங்கள் வசிப்பறையில் மாணவர் சந்திப்பு வேண்டாம். இரவுச் செய்திகளுக்கு அவசரம் தவிர மறுநாள் பதில் போதும். பயணங்களில் பெரியவர் இருவராவது உடன் வரட்டும். கடன் கொடுக்க வேண்டாம், வாங்கவும் வேண்டாம். முதலாம் ஆண்டில் பதினெட்டு நிரம்பாதவர்கள் இருப்பார்கள். மறைமாவட்டத்தின் பாதுகாப்பு விதிகள் அவர்களுக்கு முழுமையாகப் பொருந்தும்.

திருமுழுக்குக் கேட்டு வருபவர்

ஆண்டுக்கு ஒருவராவது வருவார். அவசரப்படவும் வேண்டாம், அலைக்கழிக்கவும் வேண்டாம். கல்வி ஆண்டின் முதல் மாதத்திலேயே தயாரிப்பைத் தொடங்கினால்தான் பாஸ்கா திருவிழிப்புக்கு முடியும். அந்த இரவில் விடுமுறை என்பதால் வளாகம் வெறிச்சோடியிருக்கும். ஆகவே பக்கத்துப் பங்கிலோ பேராலயத்திலோ இடம் பேசிவையுங்கள். பதினான்கு வயது நிரம்பியவரின் திருமுழுக்கை ஆயருக்குத் தெரிவிக்க வேண்டும், அவரே கொடுக்க விரும்பலாம் (எண் 863). நீங்கள் கொடுப்பதானால் அதற்கான ஆணையை எழுத்தில் கேளுங்கள். அந்த ஆணை இருந்தால்தான் அதே சடங்கில் உறுதிப்பூசுதலும் உங்களால் கொடுக்க முடியும் (எண் 883). சடங்கு நடந்த இடத்தின் பங்குப் பதிவேட்டில் அன்றே எழுதவையுங்கள். பத்து வருடம் கழித்துத் திருமணத்துக்குச் சான்றிதழ் தேடும்போது, எந்தப் பதிவேட்டிலும் பெயர் இல்லாமல் அலைகிறவர்கள் பெரும்பாலும் வளாகத் திருமுழுக்குப் பெற்றவர்கள்தான்.

வீட்டில் தெரியுமா என்று கட்டாயம் கேளுங்கள். தெரியாது என்றால் காத்திருக்கச் சொல்வது குற்றமில்லை. வேறு சபையினருக்கும் வேறு சமயத்தினருக்கும் உங்கள் கதவு திறந்திருக்கட்டும், ஆள் பிடிக்கிறார் என்ற பேச்சுக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள்.

மாணவர் குழுவும் பணமும்

குழுவில் ஒவ்வொரு பொறுப்புக்கும் இருவர்: ஒருவர் மூத்தவர், ஒருவர் அவருக்கு ஓராண்டாவது இளையவர். இறுதியாண்டு மாணவர்களை மட்டும் நம்பி நடத்தினால், ஒரு பட்டமளிப்பு விழாவோடு பாடகர் குழு, வாசகர் குழு, வாட்ஸ்அப் குழுவின் நிர்வாகி உரிமை எல்லாம் ஒன்றாகக் கிளம்பிவிடும். கடவுச்சொற்கள் அலுவலகத்தின் பெயரில் இருக்கட்டும். தேர்வுக்கு ஒரு மாதம் முன்பே பொறுப்பு மாற்றிவிடுங்கள். புதியவர் தடுமாறும்போது பழையவர் பக்கத்தில் இருப்பார்.

காணிக்கையை இருவர் எண்ணி, இருவரும் கையெழுத்திட்டு, அந்த வாரமே வங்கியில் போட வேண்டும். மறைமாவட்டக் கணக்கும் பல்கலைக்கழகம் தரும் நிதியும் ஒரே பெட்டியில் கலக்கக் கூடாது.

வளாகத்தில் ஒரு மரணம்

முதல் ஆண்டிலேயே வரலாம். குடும்பத்துக்குச் செய்தி சேரும்முன் எங்கும் பெயரைச் சொல்லாதீர்கள், செப அறிவிப்பிலும்கூட. அறைத்தோழரை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. அன்றிரவு அவர் எங்கே தூங்குகிறார் என்று கேளுங்கள். தற்கொலை என்றால் அடக்கச் சடங்கு உண்டா என்ற கேள்வி வரும். உண்டு. கடும் மனவேதனை ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும், அப்படி இறந்தவர்களின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக் கூடாது என்று திருஅவையின் மறைக்கல்வி நூலே (எண்கள் 2282, 2283) சொல்கிறது. மறையுரையில் இறந்த முறையை விவரிக்காதீர்கள். இறப்பை ஓர் அமைதியாகவோ விடுதலையாகவோ வருணிக்காதீர்கள். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் இன்னொருவர் அந்த விளிம்பில் நிற்கலாம்.

உங்கள் வாழ்க்கை

விடுமுறையில் வளாகம் திடீரென அமைதியாகிவிடும். அந்த வெறுமையைப் புதியவர்கள் எதிர்பார்ப்பதில்லை. ஆண்டுத் தியானத்தையும் சொந்த விடுமுறையையும் அந்த வாரங்களில் முன்கூட்டியே போட்டுவையுங்கள். வாரத்தில் ஒருநாள் கைபேசியை இன்னொரு குருவிடம் மாற்றிவிட்டு வெளியே போங்கள். உங்களுக்கென்று ஒரு பாவசங்கீர்த்தன குரு, வளாகத்துக்கு வெளியே. சக குருக்களோடு வாரம் ஒரு வேளைச் சாப்பாடு. மாணவர்களின் வயது எப்போதும் இருபதுதான், உங்கள் வயது ஏறிக்கொண்டே போகும். அவர்களின் பேச்சுவழக்கையும் உடையையும் பிடிக்க முயல்வது நாற்பத்தைந்துக்கு மேல் பார்க்க நன்றாக இருக்காது.

மாற்றல் வரும்போது அடுத்தவருக்கு ஒரு கோப்பு விட்டுச் செல்லுங்கள்: இரண்டு நாள்காட்டிகள் ஒட்டிய அந்தத் தாள், அறை ஒப்பந்தங்கள், திருமண, திருமுழுக்கு ஆவணங்களின் நகல், வங்கி விவரம், காவலர்களின் பெயர்கள். வழிகாட்டலுக்காக எழுதிவைத்த சொந்தக் குறிப்புகளைக் கிழித்து அழித்துவிடுங்கள். அவை அடுத்தவருக்கு உரியவை அல்ல. கடைசி ஞாயிறு முடிந்ததும் சாவியை அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.